சரிவான தரையில் பிறந்த பாட்டு

உலகத்தில் ரெக்கார்டு கம்பெனிகள் ஆயிரம் இருக்கட்டும். என்னைக் கேட்டால் ஒரே ஒரு கம்பெனியைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், மெம்ஃபிஸ் நகரத்தின் தென்பகுதியில், மெக்லெமோர் அவென்யூ 926ஆம் எண்ணில் இருந்த ஸ்டாக்ஸ். 1957இல் தொடங்கி 1975இல் மூடப்பட்டது. பதினெட்டே வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அங்கே பதிவான பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கச் சந்தோஷமாக இருந்துவிடலாம். நான் அப்படித்தான் இருக்கிறேன்.

மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவன் நான். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் குழுவில் பேஸ் கிடார் வாசித்த அண்ணன் ஒரு நாள் ஒரு கேசட்டைக் கையில் கொடுத்து, “தம்பி, வேற எதையும் கவனிக்காத. டிரம்ஸ்காரன் எதையெல்லாம் வாசிக்காம விடுறான்னு மட்டும் கேளு” என்றார். கேசட்டின் முதல் பாட்டு ‘கிரீன் ஆனியன்ஸ்’. புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் என்ற குழு 1962இல் வாசித்தது. பாடகர் கிடையாது. மொத்தமே மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த மூன்று நிமிஷம் என்னை ஆட்டிவைத்துவிட்டது. ஹேமண்ட் ஆர்கன் தாழ்ந்த சுருதியில் ஒரு நடையைப் பிடிக்கிறது. பேஸ் அதன் கூடவே ஒட்டிக்கொண்டு நடக்கிறது. டிரம்ஸில் உருட்டல் இல்லை, அலட்டல் இல்லை, வித்தை காட்டல் அறவே இல்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கிடார் வருகிறது. வெடுக்கென்று ஒரு வெட்டு, உடனே மௌனம். மறுபடி ஒரு வெட்டு, மறுபடி மௌனம். அந்த மௌனத்துக்குள் ஆர்கன் புகுந்து விளையாடுகிறது. நான்கு பேர் வாசிக்கிறார்கள், நான்கு பேரும் மற்ற மூவருக்கு இடம் விட்டே வாசிக்கிறார்கள். எங்கள் மேடைகளில் நாங்களெல்லாம் இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பத் துடித்துக்கொண்டிருந்த வயதில், இடம் விடுவதிலேயே இவ்வளவு சுகம் இருக்க முடியும் என்று காட்டிய பாட்டு அது. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது வயது 17!

அது பிறந்த விதம் இன்னும் அழகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு பாடகரின் பதிவுக்காக நால்வரும் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள். கிடைத்த ஓய்வில் தமக்குத்தாமே ஒரு மெதுவான ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, கம்பெனிக்காரர் ஜிம் ஸ்டூவர்ட் டேப்பை ஓட விட்டார். நன்றாக வந்திருந்ததால் ஒரு தட்டாக வெளியிடலாம் என்று முடிவாயிற்று. தட்டு என்றால் மறுபக்கத்துக்கும் ஒரு பாட்டு வேண்டுமே? புக்கர் டி. கையில் ஏற்கெனவே ஒரு நடை இருந்தது. அதை வாசித்தார்கள். மறுபக்கத்தை நிரப்ப வாசித்த அதுதான் ‘கிரீன் ஆனியன்ஸ்’. கிடார்காரர் ஸ்டீவ் க்ராப்பர் அதை உள்ளூர் வானொலிக்கு எடுத்துக்கொண்டு போக, அங்கே திரும்பத் திரும்பப் போட, தொலைபேசிகள் அலற ஆரம்பித்துவிட்டன. உடனே பக்கங்களை மாற்றி அதையே முதல் பக்கமாக்கினார்கள். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். பொதுப் பட்டியலில் மூன்றாமிடம்.

ஜிம் ஸ்டூவர்ட் பகலில் வங்கியில் வேலை பார்த்தவர், இரவில் நாட்டுப்புற கன்ட்ரி இசையில் ஃபிடில் வாசித்தவர். 1957இல் சாட்டிலைட் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் கம்பெனி தொடங்கியபோது கறுப்பின மக்களின் இசை பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பணமும் கிடையாது. பணத்துக்கு வந்தவர் அக்கா எஸ்டல் ஆக்ஸ்டன், தம்பியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவரும் வங்கி ஊழியர்தான். தன் வீட்டை அடமானம் வைத்து ஓர் ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். இசை வரலாற்றில் எத்தனையோ முதலீடுகள் உண்டு. ஓர் அக்கா தம்பிக்காக வைத்த அந்த அடமானத்துக்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன். பிற்பாடு வேறொரு கம்பெனி சாட்டிலைட் என்ற பெயருக்கு உரிமை கொண்டாட, 1961இல் ஸ்டூவர்ட்டின் முதல் இரண்டு எழுத்தையும் ஆக்ஸ்டனின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து ஸ்டாக்ஸ் ஆக்கினார்கள்.

1960இல் வாடகைக்குப் பிடித்த இடம் ஒரு பழைய சினிமா தியேட்டர். பெயர் கேபிடல். படம் ஓடுவது நின்றுபோயிருந்தது. நாற்காலிகளைப் பிடுங்கினார்கள், குறுக்கே தடுப்பு போட்டார்கள், எதிரொலி அடங்கத் திரைச்சீலை தொங்கவிட்டார்கள், கார்ப்பெட் அடித்தார்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் கீழே, ஒலிப்பதிவு அறை மேடைமேல். ஆனால் தியேட்டர் தரை எப்படி இருக்கும்? பின்வரிசையிலிருந்து திரை வரைக்கும் சரிந்துகொண்டே வரும். அதைச் சமப்படுத்தக் காசு இல்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

அப்படி விட்டதுதான் பாக்கியம். சாதாரண அறையில் தரையும் கூரையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் இரண்டுக்கும் நடுவே திரும்பத் திரும்ப மோதிக் கலங்கும். இங்கே தரை சாய்ந்திருந்ததால் ஒலி வேறு விதமாகச் சிதறியது. அறையும் பெரியது. ஸ்டாக்ஸ் தட்டுகளில் டிரம்ஸைச் சுற்றிக் கேட்கிற அந்தக் காற்றோட்டம், ஹார்ன்கள் சற்றுத் தூரத்திலிருந்து வந்து நெஞ்சில் இடிக்கிற அந்த வேகம், எல்லாம் அந்தத் தியேட்டரின் கைங்கரியம். வெகுகாலம் ஒற்றைத் தடத்தில்தான் பதிந்தார்கள். பாடகர், ஆர்கன், கிடார், பேஸ், டிரம்ஸ், டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. அதனால்தான் அந்தத் தட்டுகளில் எல்லாருடைய மூச்சும் ஒன்றாகக் கேட்கிறது.

தியேட்டரின் முன்பக்கம், முன்பு பாப்கார்ன் விற்ற இடத்தில், எஸ்டல் ஒரு ரெக்கார்டுக் கடை போட்டார். ஸ்டாக்ஸின் உயிர் அந்தக் கடையில்தான் இருந்தது என்பது என் தீர்மானமான கருத்து. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே வந்து நிற்பார்கள். வாங்கக் காசு இருக்காது. எஸ்டல் விரட்டமாட்டார். கேட்கிற வரைக்கும் கேட்கட்டும் என்று விடுவார். எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று துருவித் துருவி விசாரிப்பார். உள்ளே பதிவான புதுப் பாட்டைக் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டு வாடிக்கையாளர் கால் ஆடுகிறதா என்று பார்ப்பார். தியேட்டருக்குள் ஸ்டுடியோ, வாசலில் அதன் முதல் ரசிகர்கள். இப்படி ஒரு வசதி வேறு எந்தக் கம்பெனிக்கு வாய்த்தது?

அந்தக் கடைக்கு வந்த பிள்ளைகள் யார் யார் என்று பாருங்கள். அந்தத் தெருக்களில் பேப்பர் போட்டுக்கொண்டிருந்த பையன் புக்கர் டி. கடையில் வேலைக்கு நின்றவர் ஸ்டீவ் க்ராப்பர். எதிரே மளிகைக் கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர், பின்னாளில் ஐசக் ஹேய்ஸுடன் சேர்ந்து கம்பெனியின் மிகப் பெரிய பாட்டுகளை எழுதியவர். 1960இல் உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ரூஃபஸ் தாமஸ் தன் மகள் கார்லாவை அழைத்துக்கொண்டு கதவைத் தட்டி வந்தார். அப்பாவும் மகளும் பாடிய அந்த முதல் பதிவில் பாரிடோன் சாக்ஸபோன் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. டேவிட் போர்ட்டர் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, வகுப்பில் இருந்த புக்கர் டி.யை வெளியே அழைத்து, பள்ளி பேண்டின் சாக்ஸபோனோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ‘காஸ் ஐ லவ் யூ’ என்ற அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் நியூயார்க்கின் அட்லாண்டிக் கம்பெனி ஸ்டாக்ஸைத் தேடி வந்தது. வந்தவர் ஜெர்ரி வெக்ஸ்லர். இந்த உறவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது இனிப்பாகத் தொடங்கி விஷமாக முடிந்தது.

இதெல்லாம் நடந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத மெம்ஃபிஸ் அது. அந்த ஊரில், மெக்லெமோர் அவென்யூவின் கதவுக்கு உள்ளே மட்டும், புக்கர் டி.யும் டிரம்ஸ் அல் ஜாக்சனும் கறுப்பர், க்ராப்பரும் சில வருஷம் கழித்துப் பேஸுக்கு வந்த டொனால்ட் ‘டக்’ டன்னும் வெள்ளையர், நால்வரும் ஒரே குழு. யாரும் கொடி பிடிக்கவில்லை, பிரகடனம் செய்யவில்லை. காலையில் வந்தார்கள், வாசித்தார்கள். கம்பெனியில் பாட வந்த அத்தனை பேருக்கும் பின்னால் வாசித்த வீட்டுக் குழுவும் இவர்கள்தான். ஹார்ன் வரிசையில் டிரம்பெட் வேய்ன் ஜாக்சன் வெள்ளையர், சாக்ஸபோன் ஆண்ட்ரூ லவ் கறுப்பர். இரண்டு வாத்தியமும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரே நுரையீரலிலிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

ஓட்டிஸ் ரெடிங்கைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதனால் அளவோடு சொல்லப் பார்க்கிறேன். 1962இல் ஜார்ஜியாவிலிருந்து ஜானி ஜென்கின்ஸ் என்ற கிடார்காரர் பதிவுக்கு வந்தார். அவருடைய காரை ஓட்டி வந்து, பெட்டி படுக்கையெல்லாம் இறக்கி வைத்த உயரமான இளைஞன் தானும் பாடுவேன் என்று அல் ஜாக்சனிடம் நச்சரித்துக்கொண்டே இருந்தான். நாள் முடியப்போகிற நேரம். சரி, ஒரு பாட்டு பாடட்டும் என்று விட்டார்கள். ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’ பாடினான். கெஞ்சுகிற குரல், ஆனால் குழையாத குரல். அங்கிருந்தவர்கள் அந்தக் கணத்தைப் பற்றி ஆயுசு முழுக்கப் பேசியிருக்கிறார்கள்.

ஓட்டிஸுக்கு இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. ஹார்ன்காரர்கள் முன்னால் போய் நின்று, அவர்கள் வாசிக்க வேண்டிய வரியைத் தானே வாயால் பாடிக் காட்டுவார். அவர் பாட்டுகளில் ஹார்ன்கள் மனுஷர் பேசுகிற மாதிரியே பேசுவதற்கு அதுதான் காரணம். 1965இல் வந்த ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஆல்பம் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. இரவு வாத்தியக்காரர்கள் கிளப்களில் வாசிக்கப் போக வேண்டியிருந்ததால் இடைவேளை விட்டு, நள்ளிரவு தாண்டி அவர்கள் திரும்பி வந்ததும் தொடர்ந்தார்கள். பின்னாளில் அரீத்தா ஃபிராங்க்ளின் உலகப் புகழாக்கிய ‘ரெஸ்பெக்ட்’ ஓட்டிஸ் எழுதி அந்த ஆல்பத்தில் பாடியதுதான்.

1966இல் வந்த ‘டிரை எ லிட்டில் டெண்டர்னஸ்’ பாட்டை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1930களின் பழைய மெல்லிய காதல் பாட்டு அது. ஹார்ன்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி மெதுவாக உள்ளே வருகின்றன. ஓட்டிஸ் தாலாட்டுவது போல ஆரம்பிக்கிறார். டிரம்ஸ் இருப்பதே தெரியாது. பிறகு அல் ஜாக்சன் ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் குச்சியால் டக் டக் என்று தட்ட ஆரம்பிக்கிறார், பாட்டின் வேகத்துக்கு இரட்டை வேகத்தில். பாட்டு இன்னும் மெதுவாகத்தான் போகிறது. அடியில் மட்டும் ஒரு கடிகாரம் அவசரப்படுகிறது. ஒரு டிரம்ஸ்காரனாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் எல்லாருக்கும் கை பரபரக்கும், ஓங்கி அடிக்கத் தோன்றும். அல் ஜாக்சன் அடிக்க மாட்டார். பிடித்து வைத்துக்கொண்டே இருப்பார். ஆர்கன் மெல்ல ஏறும், கிடார் ஏறும், ஹார்ன் படிப்படியாக ஏறும். கடைசி ஒரு நிமிஷத்தில் அணை உடைகிறது. ஓட்டிஸுக்கு வார்த்தை தீர்ந்துபோய், வெறும் ஒலியாகக் கத்திக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் நான் செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

ஸ்டாக்ஸ் அடிக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. இரண்டாவது, நான்காவது அடியில் விழுகிற ஸ்னேர் ஒரு மயிரிழை பிந்தி விழும். 1965இல் வில்சன் பிக்கெட் ‘இன் தி மிட்நைட் அவர்’ பாட வந்திருந்தார். ஜெர்ரி வெக்ஸ்லர் ஒலிப்பதிவு அறையிலிருந்து இறங்கி வந்து, நியூயார்க் பிள்ளைகள் இப்போது இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று தானே ஆடிக் காட்டினார். அந்த ஆட்டத்தின் இழுவையை க்ராப்பரும் அல் ஜாக்சனும் அப்படியே வாத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹெட்ஃபோன் இல்லாத பெரிய அறை. அல் ஜாக்சனின் கையைப் பார்த்துத்தான் கிடாரைச் சேர்த்து அடிப்பேன் என்று க்ராப்பர் சொல்லியிருக்கிறார். காதால் கேட்டு அல்ல, கண்ணால் பார்த்து! நான் எத்தனையோ முறை அந்தப் பிந்துதலை வாசித்துப் பார்த்திருக்கிறேன். அளந்து வாசித்தால் வராது. பக்கத்திலிருப்பவனை நம்பி வாசித்தால் வருகிறது.

ஐசக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் சாம் அண்ட் டேவ் இணைக்கு எழுதிய பாட்டுகள் தனி உலகம். போர்ட்டர் கழிப்பறைக்குள் இருக்க, ஹேய்ஸ் பியானோவிலிருந்து சீக்கிரம் வா என்று கத்த, பொறு, வருகிறேன் என்று போர்ட்டர் திருப்பிக் கத்திய வார்த்தையே ‘ஹோல்ட் ஆன், ஐயம் கமிங்’ ஆனது. 1967இல் டெட்ராய்ட் கலவரத்தின்போது கறுப்பர்கள் தங்கள் கடைச் சுவர்களில், கொளுத்திவிடாதீர்கள் என்பதற்காக, ‘சோல்’ என்று எழுதி வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த ஹேய்ஸுக்கு ‘சோல் மேன்’ தோன்றியது. இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர் ஹேய்ஸ். முன்பு ஸ்டாக்ஸுக்குப் பாட வந்து திருப்பி அனுப்பப்பட்டவரும்கூட. கதவு அவருக்குக் கடைசியில் திறந்தது, நம் அதிர்ஷ்டம்.

பாட்டெழுதுகிறவர்களுக்கு இன்னொரு இடமும் இருந்தது. லோரேன் மோட்டல். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தங்க, சாப்பிட, நீச்சல் குளத்தில் இறங்க மெம்ஃபிஸில் இருந்த மிகச் சில இடங்களில் ஒன்று. 1966இல் ஓர் இடிமழை இரவில் பாடகர் எடி ஃபிளாய்டும் க்ராப்பரும் அங்கே ஓர் அறையில் உட்கார்ந்து ‘நாக் ஆன் வுட்’ எழுதினார்கள். அதே மோட்டலின் பால்கனியில்தான் 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக ஊருக்கு வந்திருந்தவர். ஸ்டாக்ஸ்காரர்களுக்கு அது தொலைக்காட்சிச் செய்தி இல்லை. அவர்கள் சிரித்துப் பேசிப் பாட்டெழுதிய இடம். ஹேய்ஸுக்கு ஒரு வருஷம் எழுதவே ஓடவில்லை.

கிங் கொலைக்கு நான்கு மாதம் முன்பே ஓர் இடி விழுந்திருந்தது. 1967 ஜூனில் மான்டரே இசை விழாவில் வெள்ளை இளைஞர் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனவர் ஓட்டிஸ். அதே வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி, விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரின் மொனோனா ஏரியில் அவருடைய சிறு விமானம் விழுந்தது. வயது 26. கூடப் போனவர்கள் பார்-கேஸ் குழுவினர், அந்த வருஷம்தான் பள்ளி முடித்த பையன்கள், எம்.ஜி.ஸ் குழுவைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றவர்கள். அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தவர் டிரம்பெட் பென் காலி ஒருவர் மட்டும். இடமில்லாமல் வேறு விமானத்தில் வந்த பேஸ் ஜேம்ஸ் அலெக்சாண்டர் தப்பினார்.

சில நாள் முன்னால்தான் ஓட்டிஸ் ‘டாக் ஆஃப் தி பே’ பாடி முடித்திருந்தார். முடிவில் பாட வார்த்தை இல்லாமல் சீட்டியடித்திருந்தார். நண்பன் போன துக்கத்தில் க்ராப்பர் அந்த டேப்போடு உட்கார்ந்து, அலைச் சத்தமும் கடற்பறவைச் சத்தமும் சேர்த்து முடித்துக் கொடுத்தார். 1968இல் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. பாடியவர் இறந்த பிறகு முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான்.

இப்போது அட்லாண்டிக் கதைக்கு வருகிறேன். 1965இல் இரு கம்பெனிக்கும் நடுவே எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டபோது ஜிம் ஸ்டூவர்ட் நம்பிக்கையின் பேரில் அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். 1967இல் அட்லாண்டிக் வார்னர் கைக்குப் போனது. பிரியலாம் என்று ஸ்டாக்ஸ் முடிவெடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அதுவரை அட்லாண்டிக் வழியாக விநியோகமான அத்தனை பதிவுகளின் மாஸ்டர்களும், அதாவது மூலப் பதிவுகளும், அட்லாண்டிக்குக்கே சொந்தம். ஓட்டிஸின் பாட்டுகள் போயின. சாம் அண்ட் டேவ் அட்லாண்டிக்கிலிருந்து இரவலாக வந்தவர்கள், அவர்களும் போனார்கள். கையில் எதுவும் இல்லை. ஓட்டிஸ் இல்லை, கிங் இல்லை, பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அடுத்து நடந்ததுதான் ஸ்டாக்ஸ்மேல் எனக்குள்ள பக்தியை இரட்டிப்பாக்கியது. அல் பெல் என்ற முன்னாள் வானொலிக்காரர் 1965இலேயே கம்பெனியில் சேர்ந்திருந்தார். பாட்டுக் களஞ்சியம் பறிபோய்விட்டதா, ஒரேயடியாகப் புதுக் களஞ்சியம் செய்துவிடுவோம் என்றார். 1969இல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்கள்! எந்த மார்க்கெட்டிங் பாடப்புத்தகமும் ஒத்துக்கொள்ளாத காரியம். அந்த 27இல், எண்ணிக்கைக்காகச் சேர்த்தது என்று எல்லாரும் நினைத்த ஒன்று, ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்ட் சோல்’. மொத்தம் நான்கே பாட்டு. ‘வாக் ஆன் பை’ 12 நிமிஷம். இன்னொன்று 18 நிமிஷத்துக்கு மேல், அதில் பாதி அவர் சும்மா பேசுகிறார், ஆர்கன் ஒரே சுரத்தில் நிற்கிறது. மூன்று நிமிஷப் பாட்டில் உலகை வென்ற கம்பெனியிலிருந்து இது! பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பின்னால் வாசித்தவர்கள் யார் தெரியுமா? மிஞ்சிய ஜேம்ஸ் அலெக்சாண்டர் திரும்ப உருவாக்கிய அதே பார்-கேஸ். அந்த ‘வாக் ஆன் பை’யில் வருகிற பேஸை இதை அறிந்த பிறகு கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பம், ‘ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்’, ‘ஐல் டேக் யூ தேர்’. ‘ஷாஃப்ட்’ படப் பாட்டுக்காக 1972இல் ஹேய்ஸுக்கு ஆஸ்கர். சிறந்த பாடலுக்கான அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பர் அவர். அதே வருஷம் ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியத்தில் வாட்ஸ்டாக்ஸ். வாட்ஸ் பகுதிக் கலவரத்தின் ஏழாம் ஆண்டு நினைவு விழா. டிக்கெட் ஒரு டாலர். ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம். 55 வயது ரூஃபஸ் தாமஸ் இளஞ்சிவப்பு அரைக்கால் சட்டையில் ஆடியதும் கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. போலீஸ் இல்லை, தடி இல்லை. ரூஃபஸ் மைக்கில் சிரிப்பும் அதட்டலுமாகப் பேசிப் பேசியே அத்தனை பேரையும் இருக்கைக்குத் திருப்பி அனுப்பினார். 1960இல் மகளைக் கூட்டிக்கொண்டு தியேட்டர் கதவைத் தட்டிய அதே மனுஷர்.

முடிவு சீக்கிரமே வந்தது. புதிதாக விநியோகத்துக்கு ஒப்பந்தம் போட்ட சி.பி.எஸ். உடன் உறவு கெட்டது, தட்டுகள் கடைக்குப் போய்ச் சேரவில்லை, வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. 1975 டிசம்பரில் திவால். ஜிம் ஸ்டூவர்ட் கம்பெனியைக் காப்பாற்றத் தன் வீட்டை ஈடு வைத்து அதையும் இழந்தார். திவாலுக்கு இரண்டு மாதம் முன்னால் அல் ஜாக்சன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தியேட்டர் ஒரு தேவாலய அமைப்பின் கைக்குப் போய், 1989இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

2003இல் அதே இடத்தில், அதே முகப்போடு, ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம் எழுந்தது. மெம்ஃபிஸ் போக வாய்த்தபோது நான் முதலில் ஓடியது அங்கேதான். மிசிசிப்பியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சின்ன மரத் தேவாலயம் ஒன்றை உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள், இந்த இசை எங்கிருந்து கிளம்பியது என்று காட்ட. ஹேய்ஸின் தங்க முலாம் பூசிய பாகங்கள் கொண்ட காடிலாக் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. சுவர் முழுக்கத் தட்டுகள். ஆனால் என்னை உலுக்கியது ஸ்டுடியோ. பழைய அளவில், பழைய சாய்மானத்தோடு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இறங்கும்போது கால் தானாகவே முன்னால் போகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் நின்று இரண்டு, நான்கு என்று கைதட்டிப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்திலேயே ஸ்டாக்ஸ் மியூசிக் அகாடமி நடக்கிறது. எஸ்டலின் கடை வாசலில் நின்ற பிள்ளைகளின் ஊரில், இன்றைய பிள்ளைகளுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனியை ரசிக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். மோட்டவுன் மெருகு எனக்கும் பிடிக்கும். ஆனால் மெருகு போடாத மரத்தின் வரிகளைத் தடவிப் பார்க்கிற சுகம் ஸ்டாக்ஸில்தான். என் தீர்ப்பு அதுதான், மாற்றிக்கொள்கிற உத்தேசம் இல்லை.

நீங்கள் இதுவரை ஸ்டாக்ஸ் கேட்டதில்லை என்றால் இன்றைக்கே தொடங்குங்கள். முதலில் ‘கிரீன் ஆனியன்ஸ்’. அடுத்து ‘ஓட்டிஸ் ப்ளூ’ முழு ஆல்பம், ஒரு பாட்டையும் தள்ளாமல். பிறகு ‘டிரை எ லிட்டில் டெண்டர்னஸ்’, ‘சோல் மேன்’, ‘நாக் ஆன் வுட்’. ஒரு இரவை ஒதுக்கி ‘ஹாட் பட்டர்ட் சோல்’. 1959 முதல் 1968 வரையான ஒற்றைத் தட்டுப் பாட்டுகள் அத்தனையும் ஒன்பது சி.டி.களாக ஒரே பெட்டியில் வந்திருக்கின்றன. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் காணாமல் போய்விடும். 1973இல் வெளியான ‘வாட்ஸ்டாக்ஸ்’ படத்தையும் தேடிப் பிடித்துப் பாருங்கள், முடிந்தால் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.